ரிஷிகளுக்கு விஞ்ஞானியின் கையொப்பம் எதற்கு? ஆன்மிகச் சொற்பொழிவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சொற்பொழிவாளர்களுக்கு,

வணக்கம். உபநிடதத்தையும் கீதையையும் சபையில் விரித்துச் சொல்லும் உங்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன். சில காலமாக உங்கள் பேச்சில் பாதியை ஐன்ஸ்டைனும் குவாண்டம் இயற்பியலும் எடுத்துக்கொள்கிறார்கள். "இதை நம் ரிஷிகள் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்றதும் கைதட்டல் எழுகிறது. அந்த ஓசையில், மந்திரம் உண்மையில் என்ன சொல்ல வந்தது என்பது காணாமல் போகிறது.

உங்களில் பலர் சொல்லும் ஒரு கணக்கைப் பார்ப்போம். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். ஆகவே இரண்டும் ஒன்று என்கிறீர்கள். ஆனால் 432 கோடி என்பது கல்பத்தின், அதாவது பிரம்மாவின் அந்த ஒரு பகலின், முழு நீளம். அந்தப் பகல் இன்னும் முடியவில்லையே! நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பூஜைக்கு முன் சொல்லும் சங்கல்பமே சொல்கிறது: சுவேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாவது கலியுகம், முதல் பாதம். அதாவது கல்பத்தின் பெரும் பிரிவுகளான மன்வந்தரங்களில் ஆறு கழிந்தன. ஏழாவதான வைவஸ்வதத்தில் 27 சதுர்யுகங்களும் (நான்கு யுகங்கள் கொண்ட சுற்றுகள்), 28ஆவது சதுர்யுகத்தில் மூன்று யுகங்களும் கழிந்தன. மன்வந்தரங்களுக்கு இடையே வரும் சந்திக் காலங்களையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், சுமார் 197 கோடி ஆண்டுகள் வரும். 454 எங்கே, 197 எங்கே?

சித்தாந்தங்கள் எனப்படும் பழைய வானியல் நூல்களில் கல்பம் என்பது கிரகங்களின் சுற்றுகள் எல்லாம் முழு எண்ணாக முடியும்படி அமைத்த பெருங்கால அளவு. கணிதம் என்ற வகையில் அது அழகான அமைப்பு. அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் செய்தது வேறு வேலை. விண்கற்களில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் அணு வகைகளை) அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள், அதில் ஏழு கோடி கூடலாம் குறையலாம் என்று 1956இல் வெளியிட்டார். தன் விடை எவ்வளவு பிசகலாம் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். உங்கள் மேடைக் கணக்கில் அந்த ஏழு கோடிக்கு இடமே இல்லை.

குவாண்டம் இயற்பியலின் முன்னோடி ஷ்ரோடிங்கரையும் நீங்கள் விடுவதில்லை. அவர் வேதாந்தத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர் என்பது உண்மை. 1944இல் வந்த தன் நூலின் பின்னுரையில் ஆத்மாவும் பிரம்மமும் ஒன்றே என்ற உபநிடதக் கருத்தை எடுத்துப் பேசினார். ஆனால் 1926இல் அவர் தந்த அலைச் சமன்பாட்டுக்கு அடித்தளம் பிரெஞ்சு இயற்பியலாளர் டி பிராக்லியின் பொருள் அலைக் கருத்து (பருப்பொருளும் அலைபோல் நடக்கும் என்பது). கிழக்கின் சிந்தனையை மேற்கு ஏற்றிக்கொள்வதை ரத்தம் ஏற்றுவதற்கு ஒப்பிட்டு, தர்க்கத் துல்லியத்தை இழந்துவிடக் கூடாது என்று பின்னாளில் எச்சரித்தவரும் அவரே. இந்தப் பாதியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

இத்தனைக்கும் ஆதிசங்கரரே எல்லைக் கோட்டைப் போட்டுவிட்டார். கீதை பதினெட்டாம் அத்தியாயம், 66ஆம் சுலோகத்துக்கு அவர் எழுதிய பாஷ்யத்தை (உரையை) பிரித்துப் பாருங்கள். நெருப்பு குளிர்ச்சியானது, அது ஒளி தராது என்று நூறு சுருதி (வேத) வாக்கியங்கள் சொன்னாலும் அவை பிரமாணம், அதாவது ஏற்கத்தக்க சான்று, ஆகா என்கிறார். கண்ணும் அனுமானமும் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் வேதத்தைச் சாட்சிக்கு இழுக்காதே என்பது இதிலிருந்து கிடைக்கிறது. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல வேண்டும்?

"நவீன அணுக்கொள்கை தந்த டால்டனுக்கு முன்பே கணாதர் அணுவைச் சொன்னார்" என்பதும் அப்படித்தான். வைசேஷிக தரிசனத்தை நிறுவிய கணாதர் சொன்னார், சரி. பிறகு என்ன நடந்தது? வைசேஷிகர்களின் பரமாணுவுக்கு, அதாவது மிகச் சிறிய அணுவுக்கு, பகுதிகள் கிடையாது. இரண்டு சேர்ந்தால் துவியணுகம். அந்தத் துவியணுகங்கள் மூன்று சேர்ந்தால் சாளரத்து வெயிலில் மிதக்கும் தூசியின் அளவு. இங்கேதான் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சங்கரர் மடக்குகிறார்: பகுதியே இல்லாத ஒன்று இன்னொன்றோடு எப்படிச் சேரும்? முழுவதுமாகச் சேர்ந்தால் பருமன் அதிகரிக்காது. ஒரு பக்கமாகச் சேர்ந்தால் அதற்குப் பக்கம், அதாவது பகுதி, இருந்தாக வேண்டும். என்ன கூர்மை! கணாதரை டால்டனுக்கு முன்னோடியாக நிறுத்தியவுடன் இந்த வாதம் முழுக்க மறைந்துவிடுகிறது. டால்டனின் அணுவோ எடையிலும் வேதிச் சேர்க்கையின் விகிதத்திலும் நின்றது. இந்தக் கேள்வி அதைத் தொடவே இல்லை.

விஞ்ஞானத்தைப் பேசியே தீர வேண்டுமென்றால் கேரளத்து வானியலாளர் பரமேஸ்வரரைப் பேசுங்களேன். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிரகணங்களைக் கவனித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகாத இடங்களைத் திருத்தி, 1431இல் திருக்கணிதம் என்ற கணக்கு முறையைத் தந்தவர். முன்னோர் சொன்னதைத் திருத்துவதை அவர் அவமரியாதையாக நினைக்கவில்லை. (பழைய வாக்கியக் கணக்கா திருக்கணிதமா என்று பஞ்சாங்கக்காரர்கள் இன்றும் சனிப்பெயர்ச்சிக்கு மல்லுக்கட்டுவது தனிக் கதை.)

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த தொடரில் ஒரு மாலையை அந்தப் பரமாணு வாதத்துக்கு ஒதுக்குங்கள். பூர்வபட்சமாக (மறுக்கப்படும் எதிர்த்தரப்பாக) வைசேஷிகர் தரப்பை முழு பலத்தோடு வையுங்கள், பிறகு சங்கரர் தரப்பு. இயற்பியல் படித்த ஒருவரையும் மேடையில் உட்கார வைத்து, நீங்கள் அவர் துறைக்குள் நுழையும்போது குறுக்கிட உரிமை கொடுங்கள். தேதி முடிவானதும் அறிவியுங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சபையில் ஒருவன்