அரை நாளில் படுவான்கரையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குச் சுற்றுலா போவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. இடையில் ஒரு வரிதான் தொண்டையில் நிற்கிறது. இந்தியக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் படும் அவதி இங்கே இல்லையாம். மட்டக்களப்பு நகரில் ஒரு ஓட்டோவைப் பிடித்தால் கொக்கட்டிச்சோலை, மண்டூர் எல்லாவற்றையும் அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாமாம். எழுதியவர் இந்தியக் கிராமத்துக்கும் போகவில்லை, எங்கள் ஊரான மண்டூருக்கும் வரவில்லை.

நான் இரண்டும் பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு மனைவியோடு கும்பகோணத்தில் தங்கி நவக்கிரகக் கோயில்களைச் சுற்றினேன். கஞ்சனூர், சூரியனார்கோயில், ஆலங்குடி எல்லாம் கிராமங்கள்தான். பஸ் நிலையத்தில் விசாரித்தால் யாராவது ஒருவர் எழுந்து வந்து டவுன் பஸ்ஸைக் காட்டிவிடுவார். கண்டக்டர் விசில் ஊதிக் கோயில் வாசலிலேயே இறக்கிவிட்டார். பெரிய பஸ் நுழையாத ஊர்களுக்கு மினி பஸ். தமிழ்நாட்டில் அதற்கு 1997இலேயே திட்டம் போட்டுவிட்டார்கள். சில ஊர்களில் கடைசி பஸ் இரவு அங்கேயே தங்கி, விடியற்காலையில் முதல் பஸ்ஸாகப் புறப்படும். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசே இல்லை. இலங்கைக்காரி என்று என் மனைவியிடமும் கேட்கவில்லை.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. பஸ்ஸில் மூச்சுவிட இடமிருக்காது. கிராமத்தில் தங்க அறை கிடைக்காது, கும்பகோணத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கும் லொட்ஜ்காரர் எங்கள் பாஸ்போர்ட்டைக் கண்டதும் முகம் மாறினார். வெளிநாட்டாரைத் தங்கவைத்தால் சி படிவம் நிரப்பி அனுப்ப வேண்டுமே, அந்தத் தொல்லை அவருக்கு. இருந்தாலும் மாலை ஐந்து மணிக்குப் பிறகு எப்படித் திரும்புவது என்று நாங்கள் ஒரு நாளும் கலங்கவில்லை.

இனி எங்கள் ஊர்ப் பயணத்தைக் கேளுங்கள். நகரிலிருந்து களுவாஞ்சிகுடிவரை கவலையில்லை, கல்முனை பஸ் ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று ஓடும். அப்புறம்தான் விஷயம். குறுமண்வெளித் துறைக்குப் போய்ப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவைப் படகில், ஏற வேண்டும். காற்று பலமாக இருந்தால் பாதை ஓடாது. பாதை இல்லையென்றால் பட்டிருப்புப் பாலம் ஏறி, வெல்லாவெளியைச் சுற்றித்தான் மண்டூர். கண்ணுக்கு முன்னால் தெரிகிற கரைக்கு அத்தனை சுற்று! 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது படுவான்கரையின் துன்பமே தீர்ந்தது என்று உங்கள் பத்திரிகை முதல் பக்கத்தில் எழுதியது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்கு நல்ல பாலம்தான், மறுக்கவில்லை. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், சந்திவெளிக்கும் திகிலிவெட்டைக்கும் இடையிலும் வாவியைக் கடக்கிறவர்களும் படுவான்கரை ஆட்கள்தானே?

கனடாவிலிருந்து என் மச்சானின் குடும்பம் ஆவணித் தீர்த்தத்துக்கு வந்தது. துறைக்கு வரும்போதே பொழுது சாய்ந்துவிட்டது, பாதையும் நின்றுவிட்டது. கிடைத்த ஓட்டோவில் சுற்றி வந்தார்கள். திரும்பும்போது வெறுமையாக வரவேண்டும் என்று போகவரக் கூலி இரண்டையும் வாங்கினார் ஓட்டோக்காரத் தம்பி. அவரையும் குறை சொல்ல முடியாது. வெல்லாவெளி தாண்டி வயல்வட்டைப் பக்கம் வண்டியை நிறுத்தி, “யானை நிக்கிது. சத்தம் போடாதீங்க, மறுகா பாப்பம்” என்றாராம். இருட்டில், தெருவிளக்கில்லாத வீதியில், மச்சானின் சின்ன மகள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். யானைக்காக ஒதுக்கிய நேரம் உங்கள் கட்டுரையாளரின் அரை நாளுக்குள் வருமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மாரி வந்தால் இந்தக் கதையும் கிடையாது, வீதியே தண்ணீருக்குள். அப்போது உழவு இயந்திரப் பெட்டியில் ஏறித்தான் சனம் போகிறது. 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டம் மாவடிப்பள்ளியில் வெள்ளம் ஓடிய வீதியில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசாப் பிள்ளைகள் இறந்தார்களே, அதற்குப் பிறகும் இங்குள்ளவர்களுக்கு வேறு வழி கிடைக்கவில்லை. அந்த வாரம் நீங்களும் எழுதினீர்கள். பிறகு வேறு செய்திகள் வந்துவிட்டன.

கொக்கட்டிச்சோலைக் கோயிலில் கல்நந்தி புல்லுண்ட கதைக்கு அரைப் பத்தி கொடுத்த கட்டுரை, அந்த நந்தியைப் பார்க்க எந்த பஸ்ஸில் ஏறுவது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அரை வரி எழுதவில்லை. நம்பி வருகிறவர்கள் பின்னேரம் சந்தியில் நின்று எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். சோறு போடுவதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் விருந்தாளியைத் திருப்பியனுப்ப மோட்டார் சைக்கிள் தேடி அலைவது நாங்கள். குறுமண்வெளித் துறையைப் பற்றி முன்பும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன், பிரசுரமாகவில்லை. தங்கள் பத்திரிகையில் இடநெருக்கடி இருக்கும் என்று தெரியும். ஞாயிறு இதழே எங்கள் சந்திக் கடைக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்து சேர்கிறது என்பதையும் தாங்கள் அறிவீர்கள் என நினைக்கிறேன். அதுவும் பஸ்ஸில்தான் வருகிறது.

கேட்பது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு சிறு பெட்டி போடுங்கள்: படுவான்கரை ஊர்களிலிருந்து கடைசி பஸ் புறப்படும் நேரம், பாதைகள் ஓடும் நேரம், ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் எவை ஓடாது. டிப்போவிலும் துறைகளிலும் உங்கள் நிருபர் நேரில் விசாரித்து எழுதட்டும். பஸ்ஸிலேயே வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மண்டூர்.