ரஷ்யாவுக்குப் போன ஆமிக்காரர்கள்: கோத்தகிரி நண்பனுக்கு ஒரு கடிதம்

தியத்தலாவை
மார்ச் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு எந்த எண்ணெயும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். ஸ்டேஷனிலிருந்து வீட்டு மேட்டை ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. மகள் பண்டாரவளையில் சுகமாக இருக்கிறாள். தோட்டத்தில் நாட்சம்பளம் போன செப்டம்பரிலிருந்து 1,350 ரூபாய். ஆனால் சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர்தான், பாதிச் சம்பளம். அதை இன்னொரு கடிதத்தில் திட்டித் தீர்க்கிறேன்.

நீ கேட்டது ரஷ்யா விஷயம்: இலங்கை ஆமிக்காரர்கள் அங்கே போய் உக்ரேனோடு சண்டை பிடிக்கிறார்களாமே என்று. உங்கள் டிவியில் சொன்னது உண்மைதான். போன மாதம் வெளிநாட்டு அமைச்சர் விஜித ஹேரத் பார்லிமென்டில் கணக்குச் சொன்னார். ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், ஜனவரி 20 வரைக்கும் செத்தவர்கள் 59 பேர். போன வருஷம் மே மாதத்தில் 16 பேர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உக்ரேன் பக்கம் போனவர்களும் கொஞ்சம் பேர் உண்டு.

உனக்கு இந்த ஊரைத் தெரியும். 1900இல் தென்னாப்பிரிக்கச் சண்டையில் பிரிட்டிஷ்காரன் பிடித்த போயர் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து அடைத்து வைத்த காலத்திலிருந்தே இது பட்டாளத்து ஊர். இங்கே பாண் கடைக்கும் டெய்லருக்கும் பிழைப்பே கேம்ப்தான். சுற்றி உள்ள சிங்களக் கிராமங்களில் எந்த வீட்டு முன்னறைக்குப் போனாலும் சீருடை போட்ட படம் ஒன்று தொங்கும். அதனால் ரஷ்யா எங்களுக்குப் பேப்பர்ச் செய்தி இல்லை. எங்கள் பாதைக்குக் கீழ் வீட்டுக்காரனே போயிருக்கிறான்.

அவன் கதை அநேகம் பேருடைய கதை. இருபது வயதில் ஆமிக்குப் போனான். புலிகளோடு நடந்த வன்னிச் சண்டை 2009இல் முடியும்வரை இருந்தான். 22 வருஷ சேவை முடித்து 2023இல் பென்ஷனோடு வந்தான். வந்த நேரம் சரியில்லை. அதற்கு முந்திய வருஷம்தான் நாடே விழுந்தது, டாலர் 360 ரூபாய்க்குப் போனது, சாமான் விலை திரும்பி இறங்கவே இல்லை. கையில் தொழில் என்றால் துப்பாக்கிதான். மகளுக்கு டியூஷன், வீட்டுக்கு பேங்க் கடன். அந்த நேரம் பார்த்து ஏஜென்சிக்காரன் வந்தான். மாதம் 2,000 டாலருக்கு மேல், சமையல் வேலை அல்லது டிரைவர் வேலை, முன்னணிக்கு அனுப்ப மாட்டோம், பிறகு குடும்பத்துக்கே ரஷ்யக் குடியுரிமை. ஆறு லட்சம் ரூபாய், மச்சான். அவன் பென்ஷனோடு ஒப்பிட்டால் தலை சுற்றாதா? சொன்னதும் வேற்று ஆட்கள் இல்லை, முன்னாள் ஆமிக்காரர்கள். போன மே மாதம் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவரையே இந்த ஆள்பிடிப்புக்காகப் பொலிஸ் பிடித்தது. ஆமியில் பெரிய ஐயா சொன்னால் கேள்வி கேட்காமல் கேட்டுப் பழகியவன் அங்கே மட்டும் எப்படிக் கேட்பான்?

முதல் இரண்டு மாதம் காசு வந்தது. கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள், கடனில் பாதி அடைந்தது. அப்புறம் போன் நின்றது. இப்போது வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. ஆமிக் குடும்பம் என்றால் போரைப் பற்றி ஒரே குரல்தான் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோமே, இல்லை.

மாமனார்க் கிழவர் பழைய கோப்ரல். ஆனையிறவுப் பக்கம் மிதிவெடியில் வலது பாதத்தை விட்டவர். அவருக்கு மருமகன் மேல் ஆத்திரம். "இன்னொருத்தன் கொடிக்குக் கீழே சம்பளத்துக்குச் சுடுகிறவனுக்கு சிப்பாய் என்று பெயர் இல்லை" என்கிறார். புதுத் தகரத்துக்குக் கீழே படுக்கவே மாட்டேன் என்று, இன்றைக்கும் பழைய குசினிப் பக்கம் பாயை விரித்துப் படுக்கிறார். மழை பெய்தால் அங்கே ஒழுகும். காலையில் போனால் கட்டைக்காலைக் கழற்றி அடுப்படியில் காய வைத்துக்கொண்டு இருப்பார்.

மனைவி அப்பாவுக்கு மறுபேச்சுப் பேச மாட்டாள். என்னிடம் சொன்னாள்: "அவர் சண்டைக்குப் போகவில்லை சேர், வேலைக்குப் போனார். ஹவுஸ்மெய்டாக குவைத்துக்குப் போகிற பெண்ணைத் துரோகி என்று சொல்வீர்களா?" ரஷ்யா வெல்லட்டும், உக்ரேன் வெல்லட்டும், அவளுக்கு அது காதிலேயே ஏறாது. போன மாதக் கடைசியில் வாஷிங்டனில் டிரம்பும் செலன்ஸ்கியும் கேமராவுக்கு முன்னாலேயே சண்டை பிடித்தார்களே, அதை பிளேன்டீக் கடையில் எல்லாரும் போனில் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் என்னிடம் வந்து, "சண்டையை நிறுத்தினால் ஆட்களைத் திருப்பி அனுப்புவார்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் கிழவர் உள்ளேயிருந்து சொன்னார்: "நிறுத்தினால் முதலில் மறக்கப்படுகிறவன் கூலிக்குப் போனவன்தான்."

ரஷ்யாவுக்குப் போனவனுடைய தம்பி இன்னும் சேவையில் இருக்கிறான், இந்தக் கேம்பிலேயே. வெளியே வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு என்பான், ஆனால் திறப்பான். ரெஜிமென்ட் பெயரைக் கெடுத்துவிட்டார்கள், சீருடையில் படித்ததை வெளியே விற்றுவிட்டார்கள் என்று அவனுக்கு வெட்கம். அதே ஆள்தான் போன வாரம் கத்தாரில் செக்யூரிட்டி வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வந்தான். 2030க்குள் ஆமியை ஒரு லட்சத்துக்குக் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் அரசாங்கம் சொன்னது அவன் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

இவர்களையெல்லாம் விட நான் அதிகம் பேசியது ரஷ்யாவிலிருந்து திரும்பி வந்த இன்னொருவனோடு. பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் த்ரீவீல் ஓட்டுகிறான். இடது முழங்கையில் குண்டுச் சிதறல் இன்னும் இருக்கிறது, மடக்கும்போது முகம் சுளிக்கும். கீழ் வீட்டுக்காரனும் அவனும் ஒரே பிளட்டூன். ஒப்பந்தத் தாள் முழுக்க ரஷ்ய எழுத்து, எது என்னவென்று தெரியாமல் கையெழுத்து வைத்தானாம். "காட்டுக்குள் மறைந்து நடக்கத்தான் நாங்கள் படித்தது. அங்கே மரத்தில் இலையே இல்லை. தலைக்கு மேலே நுளம்பு மாதிரி ஒரு சத்தம் வரும். ட்ரோன். அது உடம்புச் சூட்டைப் பார்க்கும் சேர், எந்தப் பற்றைக்குள் படுத்தாலும் தெரியும். வன்னியில் சுடுகிறவன் எங்கேயோ இருக்கிறான் என்றாவது தெரியும், இங்கே அவன் ஒரு வீட்டுக்குள் கதிரையில் இருக்கிறான்." இதைச் சொல்லும்போது த்ரீவீலின் மேல் றெக்சினைக் கையால் தட்டிக் காட்டினான்.

ரஷ்யர்மேல் அவனுக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் ஏஜென்சிக்காரன்மேல். இன்னொரு பழைய கூட்டாளி உக்ரேன் பக்கம் சேர்ந்து சண்டை பிடிக்கிறானாம், இருவரும் இப்போதும் வாட்சப்பில் பேசிக்கொள்கிறார்கள். எதிரெதிரே நின்றிருப்பீர்களே என்றேன். "நின்றிருந்தாலும் அவன் நம்ம ஆள்தானே" என்றான்.

எனக்கு அது பொறுக்கவில்லை. இந்தப் பேச்செல்லாவற்றிலும் காசு இருக்கிறது, மானம் இருக்கிறது, கூட்டாளி இருக்கிறான். யார் யாருடைய நாட்டுக்குள் புகுந்தது என்பதை மட்டும் ஒருவரும் பேசவில்லை. 2022 பெப்ரவரியில் டாங்கியைக் கொண்டு உள்ளே போனவன் ரஷ்யாக்காரன். அவன் பக்கம் துப்பாக்கி பிடிப்பது தப்பு என்று நேராகச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "சேர், நாங்கள் கிளிநொச்சிக்குள்ளே போனபோது அது எங்கள் நாடு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அங்கேயும் அதையேதான் சொல்கிறார்கள். நான் எந்த இடத்தில் வித்தியாசம் பார்க்கணும்?" என்றான்.

தமிழனிடம், அதுவும் 83 கலவரத்தில் பதுளை டவுன் எரிந்ததையும், 2000இல் பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் நம் தமிழ்ப் பையன்களை வெட்டிப் போட்டதையும் பக்கத்தில் இருந்து கேட்டவனிடம், ஓர் ஆமிக்காரன் இப்படிக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வித்தியாசம் உண்டு என்று இப்போதும் சொல்வேன். ஐ.நா.வில் உட்கார்ந்திருக்கிற தனி நாட்டின் எல்லையைத் தாண்டியதும் கிளிநொச்சிக்குள் போனதும் ஒன்றில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவன் தானாக யோசித்து எடுத்திருக்கிறான். சண்டைக்குப் போகாத நம்மில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் யோசித்தோம்? இத்தனைக்கும், பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் மறுபடி போவேன் என்கிறான். அதை என்னவென்று எடுத்துக்கொள்வதென்று எனக்குப் பிடிபடவில்லை.

நம் ஆட்களில் சிலர் "நல்லா வேணும்" என்கிறார்கள். வாயால் சொல்லாதவர்கள் மனதில் சொல்கிறார்கள். கிளிநொச்சியில் இருக்கிற என் சின்னம்மா மகளை நினைவிருக்கிறதா? 77 கலவரத்தோடு தோட்டத்தை விட்டு அங்கே குடியேறின குடும்பம். அவளுடைய மூத்தவன் 2009இல் காணாமல் போனவன், இன்றைக்கும் தகவல் இல்லை. போனில் இந்தக் கதையைச் சொன்னேன். "எனக்குக் கிடைக்காத பதில் அவளுக்கு மட்டும் எதுக்குக் கிடைக்கணும்?" என்று வைத்துவிட்டாள். நியாயம்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் விடியவே அவளே எடுத்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அந்தப் பெண்ணிடம் சொல்லு. அசல் போட்டோவை யாருக்கும் கொடுக்க வேண்டாம், நகல்தான் கொடுக்கணும். எந்த ஆபீசில் எந்தத் தேதி யாரிடம் கொடுத்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கணும். அடுத்த வருஷம் கதிரையில் வேறு ஆள் இருப்பான், முதலிலிருந்து கேட்பான். ரெட் குரோஸுக்குத் தனியா ஒரு கடிதம். செத்துப்போனார் என்று எழுதின தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம்." அவ்வளவுதான், மறுபடி வைத்துவிட்டாள். நான் அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்லக் கீழ் வீட்டுப் பெண் மகளின் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். யார் சொன்னது என்று கேட்டாள், சொன்னேன். எழுதுவதை நிறுத்திக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் நம்பரைக் கேட்டு வாங்கினாள். இருவருக்கும் பாஷை தெரியாது, எப்படிப் பேசப் போகிறார்களோ.

போன வருஷக் கடைசியில் யாழ்ப்பாணத்துப் பையன்கள் சிலரும் இதில் மாட்டின செய்தி வந்தது. பிரான்சுக்கு அனுப்புகிறேன் என்று ஏஜென்சிக்காரன் காசை வாங்கி, வழியில் ரஷ்யப் படையில் கொண்டு சேர்த்துவிட்டான். ஆமியும் இல்லை, பயிற்சியும் இல்லை. ஆக, வலை எல்லாருக்கும் விரித்ததுதான்.

இப்போது உன் பேரனுக்கு வருகிறேன். அக்னிவீரருக்கு எழுதிப் போட்டிருக்கிறான், வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் பையன்கள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து ஆசை என்று எழுதியிருந்தாய். மருமகள் அழுகிறாள், மகனுக்குப் பெருமை, நீ நடுவில். பட்டாளம் கெட்ட இடம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 22 வருஷம் இருந்து பென்ஷன் வாங்கினவனையே ஏஜென்சிக்காரன் தூக்கிக்கொண்டு போகிறான். உங்கள் திட்டத்தில் நாலு வருஷம், நாலில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்வார்கள், மற்றவனுக்குப் பதினொன்றே முக்கால் லட்சம் அளவில் கையில் கொடுத்து அனுப்புவார்கள், பென்ஷன் கிடையாது. இருபத்து மூன்று வயதில், குறி பார்க்கத் தெரிந்த கையோடு, வேலை தேடுவான். இந்தியப் பையன்களும் ரஷ்யாவில் மாட்டித்தானே மோடி போன ஜூலையில் மாஸ்கோவில் புட்டினிடம் கேட்க வேண்டி வந்தது? போகட்டும், ஆனால் போகுமுன் ஒரு தொழில் படிக்கட்டும். வெல்டிங்கோ, மின்சாரமோ, ஏதோ ஒன்று. இதை மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லு, கோபம் வந்தால் என்மேல் வரட்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமை கீழ் வீட்டுப் பெண்ணோடு கொழும்புக்குப் போகிறேன். அவள் புருஷனைத் தேடித் தரச் சொல்லும் ஆங்கிலக் கடிதத்தை நான்தான் எழுதினேன், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமாம். இரவு கோச்சியில் போய் விடியக் காலையில் இறங்கினால் ஆபீஸ் திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். கிழவர் வரமாட்டேன் என்றார். நேற்றுப் பார்த்தால் பழைய ஆமி அடையாள அட்டையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி மகளிடம் கொடுத்து வைத்திருக்கிறார், காட்டினால் வாசலில் சீக்கிரம் விடுவார்களாம். விடுவார்களா என்று போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்