கந்தல் துணி கொண்டுபோனவங்களுக்கு ஒரு நன்றி மடல்

எபெத்மெலேக் ஐயாவுக்கும், ஒநேசிப்போரு அண்ணனுக்கும், பவுலோட சகோதரி பையனுக்கும், பேரே எழுதி வைக்காம விட்டுப்போன மத்த எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

பைபிள்ல வர்ற எரேமியா தீர்க்கதரிசி குழியில கிடந்தாரு, அப்போஸ்தலன் பவுல் ஜெயில்ல பாடுனாருன்னு சண்டே ஸ்கூல்லேர்ந்து கேட்டு வளந்தவ நான், ஆனா அவங்க உயிரோட இருந்ததுல உங்க கை எவ்வளவு இருக்குன்னு மண்டையில ஏறுனது போன வருஷம்தான். கால் எலும்பு முறிஞ்சு ரெண்டு மாசம் க்ரச்சஸ் வெச்சு நடந்தேன், அக்குள் ரெண்டும் உரசி உரசி புண்ணாயிடுச்சு, ராத்திரி கைய ஒட்டி வெச்சுப் படுக்க முடியாது, பக்கத்து வீட்டு அக்கா வந்து பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம போயி ஒரு பழைய காட்டன் சேலையக் கிழிச்சு எடுத்துட்டு வந்து மேல்கட்டையில மடிச்சு மடிச்சு சுத்திக் கட்டி விட்டாங்க. அன்னைக்கு ராத்திரி பைபிள்ல எரேமியா புஸ்தகம் 38-ஆம் அதிகாரம் படிச்சு அழுதுட்டேன். அக்காவுக்கு அப்பவே நன்றி சொல்லியாச்சு, உங்களுக்குத்தான் பாக்கி.

எபெத்மெலேக் ஐயா, நீங்க எத்தியோப்பியாக்காரர், யூதா தேசத்து ராஜா சிதேக்கியாவோட அரமனையில வேலை பாத்தவர். கி.மு. 587 வாக்குல பாபிலோன் சேனை எருசலேமைச் சுத்தி வளைச்சிருக்கு, சரணடைஞ்சா பொழைப்பீங்கன்னு கர்த்தர் சொன்னத எரேமியா அப்படியே ஜனங்ககிட்ட சொன்னாரு, இவன் போர்வீரங்களோட தைரியத்தக் கெடுக்குறான்னு பிரபுக்கள் அவரப் பிடிச்சு மல்கியாவோட துரவுல கயித்தக் கட்டி இறக்கிட்டாங்க. துரவுன்னா மழைத்தண்ணி தேக்கி வைக்கிற குழி, அப்ப அதுல தண்ணி இல்ல, வெறும் சேறு, அவரு அதுல அமுந்திட்டாரு. உங்கள மீறி என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ராஜாவே பிரபுக்கள்கிட்ட கைய விரிச்சிருந்தாரு. அந்த நேரத்துல வேத்து நாட்டுக்காரரான நீங்க, பென்யமீன் வாசல்ல ராஜா உக்காந்திருந்த இடத்துக்கே போயி, இவங்க செஞ்சது அநியாயம், அவரு அங்கயே பட்டினியில செத்துப்போவாருன்னு நேருக்கு நேரா சொன்னீங்களே. 30 பேரக் கூட்டிட்டுப் போய் தூக்குன்னு உத்தரவும் வாங்கிட்டீங்க.

உத்தரவு வாங்குன வேகத்துல நேரா ஓடிப்போயி கயிறப் போட்டு இழுத்திருந்தாலே பெரிய உதவிதான், ஆனா நீங்க முதல்ல பொக்கிஷசாலைக்குக் கீழ இருந்த அறைக்குப் போனீங்க, அங்க கிடந்த பழந்துணி, கந்தல் எல்லாம் எடுத்துட்டு வந்து கயித்துல இறக்கி, இத அக்குள்ல வெச்சு அதுக்கு அடியில கயித்தப் போட்டுக்கோங்கன்னு மேலேர்ந்து சொன்னீங்க. சேத்துல புதைஞ்ச உடம்ப இழுக்குறப்ப கயிறு தோல உரிச்சிடும்னு அந்த அவசரத்துலயும் உங்களுக்குத் தோணுச்சு பாருங்க ஐயா, அதுக்குத்தான் இந்த மடலே. புண்ணான அக்குள் எப்படி எரியும்னு எனக்கு இப்பத் தெரியும்.

அந்தக் காலத்து ஜெயில் பெரும்பாலும் தீர்ப்பு வர்ற வரைக்கும் பிடிச்சு வெக்கிற இடம்தான், சோறோ போர்வையோ வெளியேர்ந்து சொந்தக்காரங்களும் சிநேகிதங்களும் கொண்டுவந்து குடுத்தாத்தான் உண்டு, நிறைய பேருக்கு அதுதான் நெலம. பிலிப்பிங்கிற ஊர்ச் சபைக்காரங்க அனுப்புனத சுமந்துக்கிட்டு பவுல்கிட்ட போன எப்பாப்பிரோதீத்து அண்ணே, அந்த வேலையில நீங்க வியாதியாகி சாவு வரைக்கும் போயிட்டு வந்தீங்க, உங்களுக்கு நன்றி.

அதே பிலிப்பியில இருந்த சிறைச்சாலைக்காரர் ஐயா, பவுலோட காலயும் கூட ஊழியம் செஞ்ச சீலாவோட காலயும் தொழுமரத்துல, அதாவது கால மாட்டி வைக்கிற மரக்கட்டையில, மாட்டுனதே நீங்கதான், ஆனா பூமி அதிர்ந்த அந்த ராத்திரியே, விடியுற வரைக்கும்கூட காத்திருக்காம அவங்க அடிபட்ட காயத்தக் கழுவி விட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சாப்பாடு போட்டீங்க.

பவுலோட சகோதரி பையா, தம்பி, உன் பேர் என்னன்னு யாரும் எழுதி வைக்கல. பவுலக் கொல்ற வரைக்கும் சாப்பிட மாட்டோம் தண்ணி குடிக்க மாட்டோம்னு 40 பேருக்கு மேல சபதம் போட்டது உன் காதுல விழுந்துச்சு, நீ பயந்துபோயி வாய மூடிட்டு இருக்கல, எருசலேம் கோட்டைக்குள்ள போயி மாமாகிட்ட சொன்ன, ரோம சேனாபதி உன் கையப் பிடிச்சுத் தனியா கூட்டிட்டுப் போயி விசாரிச்சாரு. (கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாருன்னா நீ சின்னப் பையன்தான்னு நான் நெனைக்கிறேன்.) அன்னைக்கு ராத்திரி 9 மணி வாக்குல 200 காலாட்படை, 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர்னு ஒரு படையே உன் மாமாவ செசரியாவுக்கு பத்திரமா கொண்டு சேக்கக் கிளம்புச்சு, நீ சொன்ன ஒரு சேதியால.

ஒநேசிப்போரு அண்ணே, ரோமாபுரி மாதிரி ஒரு பெரிய ஊர்ல விலங்கு போட்ட ஒரு கைதியத் தேடிப் போறது லேசுப்பட்ட காரியம் இல்ல, யாருக்காகத் தேடுறன்னு ஒவ்வொரு இடத்துலயும் சொல்லியாகணும், சொன்னா உங்களையும் சந்தேகமாப் பாப்பாங்க. ஆசியாவுல (அப்ப அது ரோம ராஜ்யத்துல ஒரு மாகாணத்தோட பேரு) இருக்குற எல்லாரும் என்னை விட்டு விலகிட்டாங்கன்னு பவுல் எழுதுன வரிக்கு அடுத்த வரியில உங்க பேர் வருது, என் விலங்கப் பாத்து அவரு வெக்கப்படலன்னு. ஜெயிலுக்குப் போனவங்களோட சகவாசம் தெரிஞ்சா கௌரவம் போயிடும்னு ஒதுங்குறவங்க எந்தக் காலத்துலயும் உண்டு, நீங்க ஒதுங்கல. துரோவாங்கிற ஊர்ல பவுலோட மேலங்கியையும் தோற்சுருளையும் வீட்டுல வெச்சிருந்த கார்ப்பு அண்ணே, உங்களுக்கும் நன்றி, குளிர்காலத்துக்கு முன்னாடி வந்துடுன்னு தன் கூட ஊழியம் செஞ்ச தீமோத்தேயுவுக்கு பவுல் எழுதுறதப் படிக்கிறப்ப எல்லாம் அந்த மேலங்கி ஞாபகம்தான் எனக்கு.

கடைசியா எருசலேம்ல ரொட்டி சுடுறவங்க தெருவுல இருந்த உங்களுக்கு. துரவுக்கு முன்னாடியே எரேமியாவக் காவற்சாலை முற்றத்துல வெச்சிருந்தப்ப தினம் ஒரு ரொட்டி குடுக்கணும்னு ராஜா உத்தரவு போட்டாரு, ஆனா அடுப்புல கைய வெச்சது நீங்கதான். வெளிய முற்றுகை, மாவு கொறைஞ்சுக்கிட்டே வருது, உங்க வீட்டுப் புள்ளைங்களுக்கும் பசி இருந்திருக்கும். ஊர்ல ரொட்டியெல்லாம் தீந்துபோற வரைக்கும் அவருக்கு தினம் ஒண்ணு போச்சுன்னு எழுதியிருக்கு, அந்த ஒவ்வொரு ரொட்டிக்கும் நன்றி.

இப்படிக்கு,
இப்ப ஊன்றுகோல் இல்லாம நடக்குற உங்க சகோதரி