பதிவகத்தில் உறுதியைத் திருப்பிப் பார்த்த அண்ணைக்கு

திருகோணமலைக் காணிப் பதிவகத்தில், பெயர்கூடச் சொல்லாமல், காணி உரிமையை எழுதிவைத்த எங்கள் உறுதியை வாங்கிப் பார்த்த அண்ணை, பெரிய நன்றி.

உறுதியில் குத்தியிருக்கும் பதிவு முத்திரையில், பதிவகப் புத்தகத்தின் தொகுதி, பக்க எண் இருக்கும். அந்தப் பக்கம் நிரம்பினால் பதிவு வேறு தொகுதிக்குப் போய்விடும். புது எண் பழைய பக்கத்தின் ஓரத்தில் சின்னதாய்க் கிடக்கும். பழைய பக்கத்தோடு தேடலை நிறுத்தினால், காணியை அடமானம் வைத்துப் பிறகு பதிந்த வங்கி ஈடு கண்ணில் படாது. பின்னோக்கி 30 வருடத்துக்குப் பார்க்கச் சொன்னீர்கள். நன்கொடை உறுதி என்றால் தாய் தகப்பனின் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை, எழுதியிருக்கிறதா என்றும்.

கையில் இருப்பது உறுதியா, அரச காணி அனுமதிப்பத்திரமா என்பது அடுத்த கேள்வி. அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவது காசைக் கடலில் போடுகிற வேலை.

விலைக்கு வாங்கும் காணிக்கு முத்திரை வரி: முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 60 இலட்சம் பெறுமதிக்கு 239,000 ரூபாய். உறுதி எழுதும் நொத்தாரிசின் கட்டணம் வேறு.

ஒரு தேத்தண்ணிக்குக்கூட நிற்காமல் போய்விட்டீர்கள், அண்ணை.