உன் டே லில்லிக்கு உரம் வேண்டாம், மண்வெட்டி வேண்டும்

திருவையாறு
ஆடி 20

அன்பு மகளுக்கு,

முந்தாநாள் பெருக்கு. புஷ்ய மண்டபத் துறையில் கால் வைக்க இடமில்லை. உன் பங்குக் காப்பரிசியையும் நானே தின்றுவிட்டேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டே லில்லி புதராய்த் தழைத்திருக்கிறது, ஆனால் பூந்தண்டு நாலோ ஐந்தோதான். அதற்காக உர மூட்டை வாங்கிவிடாதே. நட்டு ஐந்து வருஷமாகிறது, கன்று வெடித்து வெடித்து ஒன்றையொன்று நெருக்குகிறது. வாழையில் பக்கக்கன்றைக் கழிக்காமல் விட்டால் தார் சிறுக்குமே, அதே கதைதான்.

பூத்து ஓய்ந்த இந்த ஆகஸ்ட்தான் பிரித்து நட நல்ல சமயம். டொராண்டோவில் மண் உறைவதற்குள் வேர் பிடிக்க ஆறு வாரமாவது வேண்டும். முதல் நாள் தண்ணீர் விட்டு ஊறவை. மறுநாள் சுற்றிலும் தள்ளி வெட்டி, தூரை மண்ணோடு அப்படியே தூக்கு. வேரை அலசினால் எங்கே பிரிக்கலாம் என்று தானே தெரியும். ஒரு துண்டில் விசிறி மாதிரி இருக்கிற கன்று இரண்டு மூன்று இருக்கட்டும். ஒற்றையாகப் பிய்த்தால் பூக்க நாளாகும். இலையை ஒரு சாணுக்குள் நறுக்கிவிட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடு. இலையும் வேரும் சேர்கிற கழுத்து, மண்ணுக்குள் ஒரு அங்குலம் இருந்தால் போதும்.

அந்த ஆழத்தில்தான் நான் கோட்டை விட்டேன். இரண்டு வருஷம் முன்னால் பெங்களூரிலிருந்து நாலு செடி வரவழைத்து, வாழைக்கு வெட்டுகிற மாதிரி குழி வெட்டி, கொல்லை வாய்க்கால் ஓரமாய்ப் புதைத்தேன். நம் மண்ணைத்தான் தெரியுமே, நனைந்தால் அசோகா அல்வா, காய்ந்தால் கருங்கல். ஐப்பசி அடைமழையில் மூன்று செடி அழுகி, இழுத்ததும் இலை கையோடு வந்துவிட்டது. ஒரே நாற்றம். தப்பிய ஒன்றை ஆற்று மணலும் மட்கிய எருவும் கலந்து மேடு கட்டி, மத்தியான வெயில் படாதபடி முருங்கை நிழலில் மாற்றி வைத்தேன். நல்லவேளை, அது வருஷம் முழுக்க இலை உதிராத ரகம். குளிரில் உறங்கி எழுகிற ரகத்துக்கு நம் ஊர் ஒத்துவராது.

வைகாசியில் பூத்தது. விடியலில் விரிந்த பூ ராத்திரிக்குள் சுருண்டுவிட்டது. “ஒரு நாள் பூவுக்கா இத்தனை பாடு” என்றார் அப்பா. அடுத்த மொட்டு விரிந்த அன்று காபி டம்ளரோடு முதலில் போய் நின்றவரும் அவர்தான். எனக்கு இன்னும் சம்பங்கிதான் பூ. இதைத் தொடுக்கவும் முடியாது, எங்கள் செடியில் மணமும் இல்லை.

அப்புறம், பேத்தி பூனை கேட்கிறாள் என்றாயே. டே லில்லியின் இலை, பூ, மகரந்தம் எது வயிற்றுக்குள் போனாலும் பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். நாய்க்கு அந்த அளவுக்கு ஆபத்தில்லை. பூனைதான் வேண்டும் என்றால், பூவைப் பறித்துக் குவளையில் வைக்கிற வழக்கத்தை முதலில் விடு. செடி இருக்கிற பக்கமும் அதை வெளியே விடாதே.

பிரித்தால் மிச்சம் நிறைய வரும். போன பனிக்காலம் உன் வாசலில் பனி அள்ளிப்போட்ட எதிர்வீட்டுக்காரருக்குக் கொடு. தையில் வரும்போது எனக்கென்று பெட்டியில் எடுத்து வராதே, சான்றிதழ் இல்லாத செடியை விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். பெட்டி காலியாகவே வரட்டும். போகும்போது நான் நிரப்பித் தருகிறேன்.

அம்மா