கெட்டுப்போன பாறை என்று சொல்லாதே

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "மூன்று நாளாகக் கப்பலிலிருந்து கடலடியைத் துளையிடுகிறோம், ஒரு நல்ல பாறைகூட வரவில்லை அப்பா, எல்லாம் பச்சையேறிக் கெட்டுப்போன பசால்ட் எரிமலைப் பாறை" என்று எழுதியிருக்கிறாய். சிரித்துவிட்டேன். உன் வயதில் நானும் பளபளக்கும் கறுப்புத் துண்டுகளை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு, பச்சையை ஓரமாகத் தள்ளியவன்தான். அந்தப் பச்சைக்குள்ளே கடல் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீ இப்போதே கேட்டுக்கொள்.

கடலடி மலைத்தொடர்களில் புதிதாகப் பிறக்கும் பாறை குளிரும்போது வெடித்து விரிசல் விடும். அந்த விரிசல்களில் கடல்நீர் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறி, அடியில் மாக்மாவின் பக்கத்தில் 400 டிகிரி வரை போகிறது. மேலே நிற்கும் கடலின் அழுத்தம் அதைச் சாதாரணமாகக் கொதிக்க விடாது. 1979இல் கிழக்குப் பசிபிக்கில் ஆல்வின் நீர்மூழ்கியில் போனவர்கள் கறுத்த வெந்நீரைப் புகைபோலக் கக்கும் கரும்புகை ஊற்று ஒன்றில் வெப்பமானியை நுழைத்தார்கள். வெளியே எடுத்தபோது அதன் பிளாஸ்டிக் பகுதி உருகியிருந்தது. அப்புறம் அளந்தபோது 380 டிகிரி!

எனக்கு அந்தச் சூட்டைவிட மெக்னீசியம்தான் வியப்பு. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 1.3 கிராம் மெக்னீசியம் இருக்கும். ஊற்றிலிருந்து வெளிவரும் வெந்நீரில் அது அநேகமாகப் பூஜ்யம். எங்கே போயிற்று? நீ ஓரமாக வைத்திருக்கிறாயே, அந்தப் பச்சைக்குள் போயிற்று. சூடு குறைவான இடத்தில் அது களிமண் கனிமமாகவும், சூடு மிகுந்த இடத்தில் குளோரைட் என்ற பச்சைக் கனிமமாகவும் உட்கார்ந்துவிடுகிறது. போகும்போது தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சைடையும் இழுத்துக்கொண்டு போவதால், மிஞ்சும் நீர் அமிலமாகிறது. அந்த அமிலச் சுடுநீர்தான் பாறையிலிருந்து இரும்பையும் செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்தெடுத்து மேலே கொண்டுவருகிறது. சைப்ரஸ் தீவின் பழைய செம்புச் சுரங்கங்கள் இப்படிச் சேர்ந்த தாதுவில் தோண்டியவைதான். அந்த மலை ஒரு காலத்தில் கடலடித் தரை.

சல்பேட் கதை இன்னும் வேடிக்கை. கால்சியம் சல்பேட் சூடான நீரில் கரையாது, குளிர்ந்த நீரில் கரையும். அதனால் இறங்கும் நீர் 150 டிகிரியைத் தாண்டும்போது அது அன்ஹைட்ரைட் என்ற கனிமமாகப் படிந்துவிடும். பாறை ஆறியதும் மறுபடி கரைந்து காணாமல் போகும். பழைய பாறையில் அது கிடைக்கவில்லையே என்று தேடி அலையாதே.

நீங்கள் நிற்பது அந்தக் கடலடி மலைத்தொடரின் முகட்டிலிருந்து தள்ளி என்கிறாய். அங்கே ஊற்று ஏதும் கண்ணில் படாது. ஆனால் வெதுவெதுப்பான நீர் மெல்ல ஓடிக்கொண்டுதான் இருக்கும். பாறைக்குச் சராசரியாக ஆறரைக் கோடி வயதாகும்வரை இந்த ஓட்டம் வெப்பத்தை வெளியே கொண்டுபோகிறது. நடப்பதும் வேறு மாதிரி: முகட்டுச் சூட்டில் பாறையிலிருந்து வெளியேறும் பொட்டாசியம், இங்கே தண்ணீரிலிருந்து பாறைக்குள் போகிறது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டுவதை மட்டும் வைத்துக் கடலின் உப்புக்குக் கணக்குப் போட்டால் இடிப்பது இதனால்தான்.

சரி, வேலைக்கு வா. ஒரு துண்டை நனைத்து விளக்கடியில் பிடித்துப் பார். விரிசலை ஒட்டிச் செம்பழுப்புப் பட்டை இருந்தால், ஆக்சிஜன் உள்ள கடல்நீர் தாராளமாக ஓடிய வழி அது. பட்டை இல்லாமல் கரும்பச்சையாக மட்டும் இருந்தால், நீர் மெதுவாக வந்து தேங்கிய இடம். வெள்ளைக் கோடு இருந்தால் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விடு; புஸ்ஸென்று நுரைத்தால் கால்சைட், அதாவது சுண்ணாம்புக் கனிமம். அந்தக் கோடு பச்சையை வெட்டிக்கொண்டு போகிறதா, பச்சை அதை வெட்டுகிறதா என்று மட்டும் அவசரப்படாமல் பார்த்து வரைந்து வை. எது முன்னால் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

நோட்டுப் புத்தகத்தில் "கெட்டுப்போன" என்று எழுதியிருந்தால் அடித்துவிடு. துண்டுகள் காய்வதற்குள் நிறத்தைக் குறித்துக்கொள், காய்ந்தால் வெளிறிவிடும். அடுத்த கடிதத்தில் அந்த வெள்ளைக் கோட்டின் படம் வேண்டும். வாந்திக்கு மாத்திரையை அலை எழும்புவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ம்மா.

அன்புடன்,
அப்பா