கட்லாவில் மண் வாடை

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். பெரியவன் பன்னிரண்டாவது முடித்துவிட்டு மீன்வளப் படிப்புக்குத்தான் போவேன் என்கிறான், நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உன் மெஸ்ஸில் கட்லா மீன் வறுவலைச் சிலர் "மண்ணு வாடை அடிக்குது" என்று ஒதுக்கிவைக்கிறார்கள், மஞ்சளும் கல் உப்பும் போட்டு எத்தனை அலசு அலசியும் போகவில்லை என்று கேட்டிருந்தாய். மாஸ்டரைத் திட்டாதே, பாவம். மீன்மேல் ஒட்டிய சேறாக இருந்தால்தானே அலசினால் போகும்? குளத்துத் தண்ணீரில் இருக்கிற நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின், எம்.ஐ.பி. என்று மண் வாடை அடிக்கிற இரண்டு பொருள்களை உண்டாக்குகின்றன. மீன் அதைத் தின்னக்கூட வேண்டாம், மூச்சு விடும்போதே செவுள் வழியாக ரத்தத்தில் ஏறி, கொழுப்பில் போய்த் தங்கிவிடும். ஏறுவதற்குச் சில மணி நேரம் போதும், இறங்க நாள்கணக்கில் ஆகும். உடம்புக்கு இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, வாய்க்குத்தான் பிடிக்காது.

அளவைக் கேட்டால் நம்ப மாட்டாய். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 நானோகிராம் இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடுமாம். ஒரு ஏக்கர் குளம், ஐந்தடி ஆழம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன், மொத்தக் குளத்துக்கும் சுமார் 60 மில்லிகிராம் வருகிறது. ஒரு சிட்டிகை உப்புகூட அதைவிட அதிகம்! முதல் மழைக்கு எழும்பும் வாசனையிலும் இதே ஜியோஸ்மின்தான் இருக்கிறது. 1965இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைப் பிரித்தெடுத்தது ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனப் பாக்டீரியாவிலிருந்து. காசநோய்க்குப் போடுகிற ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மருந்தும் அந்த இனத்திலிருந்து, அதே இடத்தில் கண்டுபிடித்ததுதான்.

ஆனால் நம்மூர்க் குளங்களில் பெரும்பாலும் நான் சந்தேகப்படுவது நீலப்பச்சைப் பாசியை. பாசி என்று பெயரே தவிர அதுவும் பாக்டீரியாதான். மேட்டூர் திறப்பதற்கு முன்னால், சித்திரை வைகாசியில், கல்லணைக் கால்வாய் காய்ந்து கிடக்கும்போது இந்தப் பக்கம் வந்து பார், தண்ணீர் இறங்கிச் சூடாகி, காற்று ஒதுக்குகிற கரையோரத்தில் பச்சை பெயின்டைக் கொட்டினாற்போல் படிந்திருக்கும். எடை ஏறட்டும் என்று தவிட்டையும் புண்ணாக்கையும் சாணியையும் அள்ளிக் கொட்டினால் கேட்கவே வேண்டாம். சிலர் அவசரப்பட்டு, பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடுகிறார்கள். செத்த பாசி உடைந்து உள்ளே இருந்ததும் தண்ணீரில் கலந்துவிடும், வாடை கூடும், போதாததற்கு ஆக்சிஜன் குறைந்து விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

அமெரிக்காவில் மிசிசிப்பி டெல்டாவில் கெளுத்தி வளர்ப்பு பெரிய தொழில், அங்கே இந்த வாடைக்கென்றே ருசி பார்க்கிற ஆள் வைத்திருக்கிறார்கள். மீன் பிடிப்பதற்கு முன்னாலேயே குளத்திலிருந்து மாதிரிக்கு மீனை எடுத்துப் பதப்படுத்தும் ஆலைக்கு அனுப்புவார்கள், ருசி பார்ப்பவர் உப்பு மசாலா எதுவும் இல்லாமல் மைக்ரோவேவில் வேகவைத்து, முதலில் முகர்ந்து, பிறகு மென்று பார்ப்பார். வாடை தட்டினால் அந்தக் குளத்து மீனை எடுக்க மாட்டார்கள், பண்ணைக்காரர் தீனி போட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது. இங்கேயும் நான் வலை போடுவதற்கு முன்னால் ஒரு மீனைப் பிடித்து வால் துண்டை இட்லிப் பானையில் வெறுமனே வேகவைக்கச் சொல்வேன், மூடியைத் திறந்ததும் வருகிற முதல் ஆவியிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

மருந்து ஒன்றுதான், பிடித்த மீனைத் தீனி போடாமல் சுத்தமான போர் தண்ணீர் ஓடுகிற தொட்டியில் சில நாள் விட்டுவைப்பது. வெளிநாட்டில் தொட்டியில் சால்மன் வளர்ப்பவர்களும் இதையே செய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் பட்டினி கிடக்கிற மீன் எடை குறையும், கரண்ட் செலவு வேறு, வியாபாரியோ தராசைத்தான் பார்க்கிறார், வாடை இல்லாத மீனுக்கென்று ஒரு ரூபாய் அதிகம் கொடுப்பதில்லை. அப்புறம் யார் செய்வார்கள்?

நீ இப்போதைக்கு வயிற்றுப் பகுதியையும் தோலையும் கழித்துவிடு, கொழுப்பு அங்கேதான் அதிகம். மண் வாடை அடிக்கிற மீனை வறுக்காதே, குழம்பில் போடு. புளி மறைக்க மட்டும் செய்வதில்லை, அமிலத்தில் ஜியோஸ்மின் நிலைக்காது. முழுக்கப் போகும் என்று சொல்ல மாட்டேன். அடுத்த முறை வியாபாரியிடம் எந்தக் குளத்து மீன் என்று கேட்டு, வாங்குவதற்கு முன் ஒரு வாலை வேகவைத்துப் பார். ஆடியில் எங்கள் குளத்தில் வலை போடுகிறோம், உனக்கு இருபது கிலோ தொட்டியில் விட்டுவைக்கட்டுமா? வண்டி அனுப்ப முடியுமா என்று எழுது.

அன்புடன்,
ராஜு